எந்தத் தராசு என்று கேட்காத புரோகிராம்

சம்மாந்துறைப் பக்கம் ஓர் அரிசி ஆலைக்கு, நெல் கொள்வனவுக்கு பில் போடும் மென்பொருள் ஒன்றை எழுதிக் கொடுத்திருந்தேன். பெரும்போக அறுவடை முடிந்து, உழவு இயந்திரப் பெட்டிகள் மூடைகளோடு வாசலில் வரிசை கட்டி நிற்கும் காலம் அது. ஒரு பின்னேரம் அங்கே போனபோது வயதான விவசாயி ஒருவர் பில்லைக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்தார். "தம்பி, மூடைக்கு அரைக் கிலோ சாக்குக் கழிவு என்டுதானே சொன்ன? எண்பது மூடைக்கு நாப்பது கிலோ கழியணும். இதுல எண்பது கிலோ கழிஞ்சிருக்கு. மத்த நாப்பது எங்க போச்சு?"

அவருடைய கணக்கு சரி. பிழை நான் எழுதிய மென்பொருளில் இருந்தது. அது எப்படி உள்ளே வந்தது என்று சொல்வதற்கு, புரோகிராம் எழுதுகிறவர்கள் தினமும் புழங்கும் 'இடைமுகம்', அதாவது இன்டர்பேஸ், என்ற ஏற்பாட்டை முதலில் விளக்க வேண்டும்.

அந்த ஆலையில் முதலில் இரண்டு மின்னணுத் தராசுகள் இருந்தன. நடுப் போகத்தில் மூன்றாவது வந்தது. மூன்றும் நெல்லை நிறுப்பவைதான். கணினியோடு பேசும் விதம்தான் ஒன்றுக்கொன்று ஒட்டாது. முதல் தராசு கேபிள் வழியாக ஓயாமல் வரி வரியாக அனுப்பிக்கொண்டே இருக்கும். வரியின் தலையில் 'எஸ்டி' என்று வந்தால் எண் நிலையாக நின்றுவிட்டது, 'யூஎஸ்' என்று வந்தால் இன்னும் ஆடுகிறது. அடுத்து 'ஜிஎஸ்' வந்தால் மொத்த நிறை, 'என்டி' வந்தால் கழிவு போக மிஞ்சிய நிறை. அதற்குப் பிறகுதான் எண் வரும். இரண்டாவது தராசு, கேட்டால்தான் வாய் திறக்கும். ஓர் எழுத்தை அனுப்பினால் ஒரு வரியைத் திருப்பி அனுப்பும். மூன்றாவது, இலக்கங்களைப் பின்னிருந்து முன்னாக அனுப்பும். 62.4 கிலோ மேடையில் இருந்தால் கேபிளில் வருவது 4.26.

நான் முதலில் எழுதியது எல்லோரும் எழுதுவதைத்தான். தராசு முதல் வகை என்றால் இப்படிப் படி, இரண்டாம் வகை என்றால் அப்படிப் படி. பில் போடும் இடத்தில் அந்தக் கேள்வி. திரையில் எண்ணைக் காட்டும் இடத்தில் அதே கேள்வி. ஈரப்பதனுக்குக் கழிக்கும் இடத்தில், லொறிக்கு ஏற்றும் இடத்தில், நாள் முடிவில் மொத்தம் எடுக்கும் இடத்தில் என்று ஐந்து இடங்களில் அதே கேள்வி. மூன்றாவது தராசு வந்த இரவு நான்கு இடங்களைத் திருத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். ஐந்தாவது இடம் மறந்துவிட்டது. மறுநாள் மாலை நாள்மொத்தம் பார்த்தபோது, அந்தத் தராசில் நிறுத்த மூடைகள் எல்லாம் நாலு கிலோ, மூன்று கிலோ என்று நின்றன.

இந்த ஏணிப்படிக் கேள்விகளின் கெடுதி இதுதான். புதிதாக ஒரு வகை வரும்போது எத்தனை இடங்களைத் தொட வேண்டும் என்று புரோகிராம் சொல்லாது. எழுதியவர் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். அறுவடை நேரத்து இரவு பதினொரு மணிக்கு யாருடைய ஞாபகமும் அவ்வளவு நல்லதில்லை.

சரி, இதை எப்படித் தவிர்ப்பது? பில் போடும் பகுதிக்குத் தராசிடமிருந்து உண்மையில் என்ன வேண்டும் என்று முதலில் கேட்டுப் பார்க்கலாம். அதற்கு வேண்டியது மூன்றே விஷயம். நிறையைச் சொல். எண் நிலையாக நிற்கிறதா என்று சொல். பூச்சியத்துக்கு வா. எழுத்து அனுப்பிக் கேட்கிறதா, ஓயாமல் பேசுகிறதா, எண்ணைத் திருப்பிப் போடுகிறதா என்பதெல்லாம் பில்லுக்குத் தேவையில்லாத விவரம். ஆகவே அந்த மூன்று வேலைகளை மட்டும் பெயர் சொல்லி எழுதி, அதற்குத் 'தராசு' என்று பெயர் வைக்கிறோம். இதில் வேலை எப்படி நடக்கும் என்று ஒரு வரியும் கிடையாது. என்னென்ன வேலை கேட்கலாம் என்பது மட்டும் உண்டு. இதுதான் இடைமுகம். பிறகு ஒவ்வொரு தராசுக்கும் ஒரு கிளாஸ், அதாவது அந்த வேலைகளை எப்படிச் செய்வது என்ற செய்முறைத் தொகுதி, எழுதி, அதனதன் குணத்தை அதற்குள்ளேயே அடைத்துவிடுகிறோம். திருப்பிப் போடும் தராசின் எண்ணை நேராக்கும் வேலை அதன் கிளாஸுக்குள் நடக்கும். வெளியே யாருக்கும் அது தெரிய வேண்டியதில்லை.

இப்போது பில் போடும் பகுதியின் கையில் இருப்பது ஓர் ஒப்ஜெக்ட், அதாவது அந்தக் கிளாஸ்களில் ஒன்றை வைத்து உருவாக்கிய ஒரு பொருள். அது எந்தத் தராசு என்று அந்தப் பகுதிக்குத் தெரியாது. நான் புரோகிராமை எழுதியபோது எனக்கும் தெரியாது. புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்கும் தெரியாது. காலையில் கணினியை இயக்கி, அமைப்புக் கோப்பில் 'மூன்றாவது மேடை, இன்ன வகை' என்று எழுதியிருப்பதை வாசிக்கும்போதுதான் அது முடிவாகிறது. சில வேளை நான் புரோகிராம் எழுதிய நாளில் அந்தத் தராசு கடைக்கே வந்திருக்காது. இருந்தும் 'நிறையைச் சொல்' என்றால் சரியான கிளாஸின் சரியான மெத்தட், அதாவது அந்த வேலையைச் செய்யும் பகுதி, ஓடுகிறது. இது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்கலாம். பலர் இந்த இடத்தை ஒரு மாயம் போல விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

சி பிளஸ் பிளஸ் மொழியை எடுத்துக்கொள்வோம். எந்தக் கிளாஸினுடையது ஓட வேண்டும் என்று ஓடும்போதே முடிவாகும் மெத்தட்டுகளுக்கு மெய்நிகர் மெத்தட்டுகள் என்று பெயர். அவை உள்ள ஒவ்வொரு கிளாஸுக்கும் கம்பைலர் ஒரு அட்டவணையை உண்டாக்கி வைக்கிறது. அட்டவணையின் முதல் கட்டத்தில் 'நிறையைச் சொல்' என்பது நினைவகத்தில் இருக்கும் முகவரி, இரண்டாவதில் 'நிற்கிறதா' என்பதன் முகவரி, மூன்றாவதில் 'பூச்சியத்துக்கு வா'. எல்லாத் தராசுக் கிளாஸ்களிலும் கட்டங்களின் ஒழுங்கு ஒன்றுதான், உள்ளே இருக்கும் முகவரிதான் வேறு. அப்புறம், உருவாகும் ஒவ்வொரு ஒப்ஜெக்ட்டும் தன் அட்டவணை எங்கே இருக்கிறது என்ற சுட்டியைத் தன்னோடு சுமந்துகொண்டு திரியும். 64 பிட் கணினியில் அது 8 பைட். 'நிறையைச் சொல்' என்று நாம் எழுதும் ஒரு வரி, இயந்திர மொழியில் மூன்று அடியாக மாறுகிறது: ஒப்ஜெக்ட்டுக்குள் இருக்கும் சுட்டியை எடு, அது காட்டும் அட்டவணையின் முதல் கட்டத்தைப் பார், அங்கே உள்ள முகவரிக்குத் தாவு. எந்தத் தராசு என்ற கேள்வி எங்கும் கேட்கப்படவில்லை. பதிலை ஒப்ஜெக்ட்டே தன்னோடு கொண்டு வந்துவிடுகிறது.

இந்த யோசனை நோர்வேயில் பிறந்தது. ஒஸ்லோவில் இருந்த நோர்வீஜியன் கணிப்பு மையத்தில் ஒலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் சிமுலா என்ற மொழியை உருவாக்கினார்கள். நிஜ உலகில் வரிசைகள் எப்படி நகர்கின்றன என்று கணினியில் நடத்திப் பார்ப்பதற்கான மொழி அது. 1967 இல் வந்த சிமுலா 67 இல் கிளாஸும், அதை விரித்து எழுதும் உப கிளாஸும், 'மெய்நிகர்' செயல்முறையும் இருந்தன. வரிசையில் நிற்பது எதுவாக இருந்தாலும் 'அடுத்த அடியை எடு' என்று மட்டும் சொன்னால் போதும் என்ற தேவைதான் இதைக் கொண்டுவந்தது என்று நினைக்கும்போது, ஆலை வாசலில் நிற்கும் உழவு இயந்திர வரிசை எனக்கு ஞாபகம் வரும். கணினித் துறையின் பெரிய விருதான டியூரிங் விருது, 2001 ஆம் ஆண்டுக்கு, அவர்கள் இருவருக்கும் கிடைத்தது.

கிளாஸ் என்ற சொல்லே இல்லாத இடத்திலும் இதே ஏற்பாடு இருக்கிறது. லினக்ஸ் இயங்குதளம் ஓடும் கணினியில் அந்தத் தராசுக் கேபிளைச் செருகினால் அது ஒரு கோப்பாகத் தெரியும். திற, வாசி, எழுது, மூடு. வட்டில் இருக்கும் கோப்புக்கும் விசைப்பலகைக்கும் தராசுக்கும் அதே நான்கு சொற்கள்தான். லினக்ஸுக்கு முந்திய இயங்குதளமான யுனிக்ஸ் காலத்திலிருந்து வரும் வழக்கம் இது. லினக்ஸின் உட்கருவான கேர்னல் சி மொழியில் எழுதப்பட்டது. சி மொழியில் கிளாஸ் கிடையாது. ஆகவே எழுதியவர்கள் கையாலேயே அட்டவணை செய்திருக்கிறார்கள்: சாதனங்களோடு பேசும் புரோகிராமான சாதன ஓட்டி ஒவ்வொன்றும் வாசிப்பதற்கு, எழுதுவதற்கு, மூடுவதற்கு என்று தன் பங்ஷன்களின், அதாவது வேலைத் துண்டுகளின், முகவரிகளை ஓர் அமைப்பில் நிரப்பிக் கொடுக்கிறது. சி பிளஸ் பிளஸ் கம்பைலர் ஒளித்துச் செய்வதை இங்கே கண்ணால் பார்க்கலாம். இதைக் கற்க வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது அந்த அமைப்பைத்தான். ஒருமுறை பார்த்துவிட்டால் பயம் போய்விடும்.

தாவித் தாவிப் போவதால் வேகம் குறையாதா என்று அடிக்கடி கேட்கிறார்கள். கொஞ்சம் குறையும். எந்த மெத்தட் என்று முன்பே தெரியாததால் கம்பைலரால் அதை அந்த இடத்திலேயே விரித்து எழுத முடியாமல் போகலாம். ஆனால் ஜாவா மொழிப் புரோகிராம்களை ஓட்டும் ஹொட்ஸ்பொட் போன்ற மென்பொருள் இயந்திரங்கள், ஓர் இடத்தில் திரும்பத் திரும்ப ஒரே வகை ஒப்ஜெக்ட்தான் வருகிறது என்று கண்டால் அந்தத் தாவலையே நீக்கிவிடுகின்றன. கோடிக்கணக்கான புள்ளிகளை நொடியில் கணக்கிடும் விளையாட்டு எழுதுகிறவர் கவலைப்படட்டும். மேடையில் மூடை ஆடி ஓயவே இரண்டு மூன்று நொடி எடுக்கும் இடத்தில் இந்தக் கவலை வேண்டாம்.

இதைவிடச் சுவையான சிக்கல் வேறொன்று. நெல்லுக்கு விலை சொல்ல ஈரப்பதன் முக்கியம். அரசின் நெற்சந்தைப்படுத்தல் சபை கொள்வனவுக்கு வைத்திருக்கும் அளவு 14 வீதம். சில நிறுவைக் கருவிகளோடு ஈரப்பதன் மானியும் சேர்ந்தே வரும். சிலதில் வராது. அப்படியானால் 'ஈரப்பதனைச் சொல்' என்ற மெத்தட்டைத் தராசு இடைமுகத்தில் சேர்க்கலாமா? சேர்த்தால், மானி இல்லாத தராசுகள் எல்லாம் பொய்யாக ஓர் எண்ணைத் திருப்ப வேண்டிவரும், அல்லது 'எனக்குத் தெரியாது' என்று இடையில் விழுந்து சாக வேண்டிவரும். இரண்டும் கெட்டது.

வெவ்வேறு புரோகிராம் துண்டுகள் ஒன்றோடொன்று பேசுவதற்கு மைக்ரோசொப்ட் 1993 இல் கொண்டுவந்த கொம் என்ற ஏற்பாடு இதற்கு ஓர் அழகான பதில் வைத்திருக்கிறது. அதன் அடிப்படை இடைமுகத்தின் பெயரே 'ஐஅன்னோன்', அதாவது இன்னதென்று தெரியாதது. அதில் மூன்றே மெத்தட்டுகள். இரண்டு, அந்த ஒப்ஜெக்ட்டை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணுவதற்கு. மூன்றாவதுதான் உயிர்நாடி: 'இந்த இடைமுகம் உனக்குத் தெரியுமா?' என்று 128 பிட் அடையாள எண்ணைக் கொடுத்துக் கேட்பது. தெரியும் என்றால் அந்த இடைமுகத்தின் சுட்டியைக் கொடுக்கும். தெரியாது என்றால் இல்லை என்று சொல்லும். அதில் ஒரு விதி எனக்கு மிகவும் பிடிக்கும்: ஓர் ஒப்ஜெக்ட் ஒரு தடவை தெரியும் என்று சொன்னால், உயிரோடு இருக்கும் வரை தெரியும் என்றுதான் சொல்ல வேண்டும். காலையில் ஈரப்பதன் அளப்பேன் என்றுவிட்டு மத்தியானம் மாட்டேன் என்னக் கூடாது. நான் செய்ததும் அதுபோலத்தான். 'தராசு' ஒரு சிறிய இடைமுகம், 'ஈரமானி' இன்னொரு சிறிய இடைமுகம். பில் போடும் பகுதி தராசிடம் 'நீ ஈரமானியும் ஆவாயா?' என்று கேட்கும். ஆம் என்றால் எண்ணை எடுத்துக்கொள்ளும், இல்லை என்றால் கையால் அடிக்கச் சொல்லிப் பெட்டியைத் திறக்கும். 'நீ எந்தக் கம்பனித் தராசு' என்ற கேள்விக்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. அது பிறப்பை விசாரிப்பது. இது கைத்தொழிலை விசாரிப்பது.

மெத்தட் சேர்ப்பதில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. பலர் பயன்படுத்தும் இடைமுகத்தில் புதிதாக ஒன்றைச் சேர்த்தால், அதை ஏற்கனவே நிறைவேற்றியிருக்கும் கிளாஸ்கள் எல்லாம் ஒரே நாளில் உடையும். ஜாவாக்காரர்கள் இதை நீண்ட காலம் அனுபவித்துவிட்டு, 2014 இல் வந்த ஜாவா 8 இல் இடைமுகத்துக்குள்ளேயே, கிளாஸ் தனக்கென்று ஒன்றை எழுதாவிட்டால் ஓடும் இயல்பான உடலை மெத்தட்டுக்கு எழுத வழி செய்தார்கள். அது இல்லாமல் பல பொருட்களைச் சேர்த்து வைக்கும் தங்கள் பழைய தொகுப்பு இடைமுகங்களில் புதிய வசதிகளைச் சேர்த்திருக்கவே முடியாது.

மொழிக்கு மொழி இதன் முகம் மாறும். நம் உயர்தர வகுப்பு மாணவர்கள் படிக்கும் பைத்தான் மொழியில் இடைமுகத்தை அறிவிக்கவே வேண்டியதில்லை. 'நிறையைச் சொல்' என்ற மெத்தட் இருந்தால் அது தராசு. வாத்து மாதிரி நடந்து வாத்து மாதிரிக் கத்தினால் அது வாத்து என்பார்கள். எழுதச் சுகமானது. ஆனால் அந்த மெத்தட் இல்லாத ஒன்று உள்ளே வந்துவிட்டால், அந்த வரி ஓடும் நிமிடம் வரைக்கும் யாருக்கும் தெரியாது. அந்த நிமிடம் பெரும்பாலும் வாசலில் வரிசை நீண்டு நிற்கும் நிமிடமாகத்தான் இருக்கும். 2019 இல் வந்த பைத்தான் 3.8 இல் புரொட்டொகோல் என்ற வசதி சேர்ந்தது. என்னென்ன மெத்தட் வேண்டும் என்று எழுதி வைத்தால், ஓட்டும் முன்பே சரிபார்க்கும் கருவிகள் பிழையைக் காட்டிவிடும். கற்பிக்கிறவர்கள் இதை ஆரம்பத்திலேயே பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பது என் எண்ணம்.

2009 இல் அறிமுகமான கோ மொழியும் அறிவிப்புக் கேட்பதில்லை, ஆனால் கம்பைலரே சரிபார்க்கும். அதில் ஒரு குழி இருக்கிறது. கோ மொழியில் இடைமுக மதிப்பு ஒன்று இரண்டு பாதிகளால் ஆனது: ஒன்று வகை, மற்றது தரவுக்கான சுட்டி. கேபிள் கழன்ற தராசுக்கு, எதையும் காட்டாத வெற்றுச் சுட்டியை வைத்து அதை இடைமுகத்துக்குள் போட்டால், தரவுப் பாதி வெறுமை, வகைப் பாதியில் 'மூன்றாம் வகைத் தராசு' என்று எழுதியிருக்கும். 'இது வெறுமையா?' என்று கேட்டால் 'இல்லை' என்று பதில் வரும். நம்பிப்போய் நிறையைக் கேட்டால் அநேகமாகப் புரோகிராம் அங்கேயே விழும். பெட்டி இருக்கிறது, பெட்டிமேல் பெயரும் இருக்கிறது, உள்ளேதான் ஒன்றும் இல்லை.

இனி அந்த நாற்பது கிலோ.

இடைமுகம் எழுதியபோது மெத்தட்டுக்கு 'நிறையைச் சொல்' என்று மட்டும் பெயர் வைத்தேன். கிலோவில் ஓர் எண் வரும், அவ்வளவுதான். எந்த நிறை என்று எழுதவில்லை. முதல் இரண்டு தராசுகளின் கிளாஸ்களும் சாக்கோடு சேர்ந்த மொத்த நிறையைக் கொடுத்தன. பில் போடும் பகுதி அதிலிருந்து மூடைக்கு அரைக் கிலோ கழித்தது. மூன்றாவது தராசிலோ சாக்குக் கழிவைத் தராசிலேயே பதிந்து வைக்கும் வசதி இருந்தது. ஆலைப் பையன்கள் அதைப் பதிந்து வைத்தார்கள், கிளாஸும் கழித்த எண்ணையே கொடுத்தது. பில் அதிலிருந்து மறுபடியும் அரைக் கிலோ கழித்தது. சாக்கு இரண்டு முறை கழிந்தது. கம்பைலர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. அதற்குத் தெரிந்தது பெயரும் வடிவமும்தான். பெயர் சரி, வடிவம் சரி, எண் வந்தது.

பாபரா லிஸ்கோவ் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் 1987 இல் ஓர் உரையில் தொட்டது இந்த இடத்தைத்தான். 1994 இல் ஜெனெட் விங்கோடு சேர்ந்து அதை முறையாக எழுதினார். ஒரு வகைக்குப் பதிலாக இன்னொன்றை வைத்தால், பயன்படுத்துகிறவர் நம்பியிருந்த எதுவும் பொய்த்துப் போகக் கூடாது. புதியது அதிகமாக எதையும் கேட்கக் கூடாது, குறைவாக எதையும் கொடுக்கக் கூடாது. மெத்தட்டின் பெயர் பொருந்துவது அதில் ஆரம்பம் மட்டும்தான். என் மூன்றாவது கிளாஸ் பெயரளவில் தராசு. பில் நம்பியிருந்த தராசு அது இல்லை. இடைமுகத்தைப் பற்றி எழுதும் பாடக் குறிப்புகளில் பெரும்பாலானவை மிருகம் கத்துவது, வடிவத்துக்குப் பரப்பளவு காண்பது என்ற உதாரணங்களோடு நின்றுவிடுகின்றன. நாய் கத்துவதில் யாருக்கும் பணம் போகாது. ஆகவே அர்த்தம் பொருந்த வேண்டும் என்ற பகுதி மாணவர் மனதில் விழுவதே இல்லை.

நம் நாட்டில் வியாபாரத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவதற்கு அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம் இருக்கிறது. அந்த மூன்று தராசிலும் முத்திரை இருந்தது. மூன்றும் சரியாகவே நிறுத்தன. கேபிளுக்கு இந்தப் பக்கம் நடந்ததற்கு எந்த முத்திரையும் இருக்கவில்லை. அந்தப் பொறுப்பு எழுதுகிறவனுடையது.

அன்றிரவே மெத்தட்டின் பெயரை 'மொத்த நிறையைச் சொல்' என்று மாற்றினேன். அதற்கு மேலே மூன்று வரி எழுதினேன்: மேடையில் இருப்பது எல்லாம் சேர்த்து, சாக்கோடு, கிலோவில், தராசில் பதிந்த கழிவு இருந்தால் அதைத் திருப்பிக் கூட்டிக் கொடுக்க வேண்டும், எண் ஆடும்போது எண் கொடுக்கக் கூடாது. பிறகு ஆலை உரிமையாளரான ஹாஜியார் அந்தத் தராசில் நிறுத்த நாட்களின் பில்களை எடுத்து வைத்து, ஒவ்வொருவருக்கும் குறைந்ததைக் கணக்குப் பார்த்துக் கொடுத்தார். எண்பது மூடைக்காரருக்கு முதலில்.

இப்போது எந்தத் தராசுக்குக் கிளாஸ் எழுதினாலும், அது ஆலைக்குப் போகும் முன் ஒரே சோதனை வரிசையைத் தாண்ட வேண்டும். வெறும் மேடை. முத்திரையுள்ள இருபது கிலோ இரும்புப் படிக்கல். அதே கல் ஒரு சாக்குக்குள். கழிவு பதிந்த நிலையில் அதே கல். மேடையைக் கையால் ஆட்டிக்கொண்டே ஒரு வாசிப்பு. கேபிளைப் பிடுங்கிவிட்டு ஒரு வாசிப்பு. சோதனை எழுதியிருப்பது இடைமுகத்துக்கு என்பதால், அதற்கும் எந்தத் தராசு என்று தெரியாது. ஒவ்வொரு தராசும் அனுப்பிய வரிகளைக் கோப்பில் பிடித்து வைத்து, அவற்றையே திருப்பி ஓட்டும் ஒரு போலித் தராசும் எழுதிக்கொண்டேன். அதுவும் அதே இடைமுகத்தை நிறைவேற்றுவதுதான். கல்முனையில் வீட்டிலிருந்தே முழு அறுவடை நாளையும் ஓட்டிப் பார்க்க முடிகிறது.

போன சிறுபோகத்துக்கு முன் நான்காவது தராசு வந்தது. முன்கூட்டியே வாங்கிவந்து என் மேசைக்குப் பக்கத்தில் வைத்து, கல்லைத் தூக்கி வைத்தேன். இருபது கிலோக் கல்லுக்கு அது 20,000 என்றது. கிராமில் பேசும் தராசு. கிளாஸுக்குள் ஆயிரத்தால் பிரித்து, சோதனை வரிசையை மறுபடியும் முதலிலிருந்து ஓட்டினேன். பில் போடும் பகுதியில் ஓர் எழுத்தையும் தொட வேண்டியிருக்கவில்லை.